மலாவியில் ஒரு மழைக்காலம்

ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் குழந்தை மருத்துவராகப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கிருந்த கிளினிக்கல் ஆபீசர் என் கையைத் தடுத்தார். டிப்ளமா படித்துவிட்டு டாக்டர் செய்யும் வேலையைச் செய்பவரை அங்கே அப்படி அழைப்பார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை. கொதிக்கிற காய்ச்சல், ஆனால் கையும் காலும் சில்லிட்டிருந்தன. நாடி நூல்போல ஓடியது. படித்தபடியும், ஊரில் பத்து வருடம் செய்தபடியும், சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு கிலோவுக்கு 20 மில்லி வேகமாக ஏற்றச் சொன்னேன். நர்ஸ் அசையவில்லை. அவரைப் பார்த்தார். அவர் தணிந்த குரலில், "டாக்டர், இங்கே அப்படி ஏற்றமாட்டோம். முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாமா?" என்றார். பார்த்தோம். 3.4. அந்தக் குழந்தை கேட்டது ரத்தம். நான் சொன்னபடி தண்ணீரை ஏற்றியிருந்தால், இருந்த கொஞ்ச ரத்தமும் நீர்த்துப்போய், ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த இதயம் நின்றிருக்கும்.

அவர் கையைத் தடுத்ததற்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் 48 மணி நேரத்தில் இறந்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் ஏழு பேர் சொச்சம். பேதியால் நீர் வற்றிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். அந்த ஆய்வைப் பற்றி நானும் எப்போதோ படித்ததுண்டு. என் கைக்கு அது வந்து சேரவில்லை. மூன்று வருட டிப்ளமாவும் ஒரு வருடப் பயிற்சியும் முடித்த அந்த மனிதரின் கையில் அது இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரம் நான் உத்தரவு எதுவும் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் பின்னால் நின்று பார்த்தேன், கேட்டேன், எழுதிக்கொண்டேன். இப்படிப் போக நினைக்கும் எந்த மருத்துவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் இரண்டு வாரம் மாணவராக இருங்கள். அதற்கு நேரம் இல்லாத அளவுக்குக் குறுகிய பயணம் என்றால், அந்த டிக்கெட் பணத்தை அங்கேயே இருக்கும் ஒரு நர்ஸின் படிப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் போனது 2018 நவம்பரில். தெற்கு மலாவியில் சிக்வாவா மாவட்டம், ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு. பிளான்டயர் நகரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் குளுகுளுவென்று இருக்கும். அங்கிருந்து மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கினால் ஒரு மணி நேரத்தில் அனல் முகத்தில் அடிக்கும். நவம்பரில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். மழை தொடங்கியதும் கொசு, கொசுவோடு மலேரியா. போன வருட மக்காச்சோளம் தீர்ந்துபோய், புதிய அறுவடை மார்ச், ஏப்ரலில்தான் வரும் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் பசி. மலேரியாவும் பசியும் ஒரே மாதங்களில் கைகோத்து வரும். நான் இருந்த ஆறு மாதமும் அந்தப் பருவம்தான். ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டில் 30 கட்டில். ஜனவரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு, சில நாள் மூன்று குழந்தைகள். குழந்தை மருத்துவர் என்று அதற்கு முன் அங்கே யாரும் இருந்ததில்லை. அவர்களுக்கு அப்படி ஒருவர் இல்லாமலும் வார்டு நடந்துகொண்டுதான் இருந்தது. இதை மறந்துவிட்டுப் போகிறவர்களால் தொல்லைதான் மிச்சம்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் ஒரு ஊசி கூடப் போடக்கூடாது. சேவைதானே என்று யாராவது சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்கு நம் மாநில மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். கையில் கிடைக்க நாளாகும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகப் பறப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்வது நல்லது, திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் கேட்கக்கூடும். 2016 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும். மலேரியா தடுப்பு மாத்திரையை நான் ஒருநாள்கூட விடவில்லை. ஒருநாள் விட்ட ஐரோப்பிய நண்பர் ஒருவர் நோயாளியாகப் படுத்து, ஒரு கட்டிலை எடுத்துக்கொண்டார்.

அளவுகளில் எச்சரிக்கை. நாம் ரத்தச் சர்க்கரையை 45, 60, 100 என்று பார்த்துப் பழகியவர்கள். அங்கே அலகு வேறு. கருவி 1.8 என்று காட்டும், 2.5-க்குக் கீழே போனால் ஆபத்து. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். நடு ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் 5.1 என்று பார்த்து நான் பதறி எழுந்ததுண்டு. ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இனி அந்த ஜனவரித் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

சனி, ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலை புறநோயாளி வரிசை கட்டடத்தைச் சுற்றி மாமரம் வரை போயிருந்தது. வரிசையில் வந்தவர்களை வந்த வரிசைப்படியே பார்த்தோம். ஒன்பதரை மணி இருக்கும், ஒரு அகோகோ உள்ளே வந்தார். பாட்டியையும் தாத்தாவையும் அங்கே அகோகோ என்பார்கள். முழங்காலை மடித்து வணக்கம் சொன்னார். பெரியவர்கள் நமக்கு மண்டியிடுவது எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை; அதனாலேயே உயரம் குறைந்த ஸ்டூலில் உட்கார ஆரம்பித்திருந்தேன். முதுகில் கட்டியிருந்த சிட்டென்ஜித் துணியை அவிழ்த்தார். துணிக்குள்ளிருந்த பையனுக்கு இரண்டு வயதிருக்கும். தலை பின்னால் சாய்ந்தது. நகத்தால் அழுத்தினேன், முகம்கூடச் சுளிக்கவில்லை. சர்க்கரை 1.1. உள்ளங்கை வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. நரம்பு தேடி, குளுக்கோஸ் ஏற்றி, மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டு, ரத்தத்துக்கு ஆள் அனுப்பி, எல்லாம் செய்தோம். பதினொரு மணிக்குள் போய்விட்டான்.

அகோகோ எத்தனை மணிக்கு வந்தார் என்று பிறகு விசாரித்தேன். காலை ஆறு மணிக்கு. மூன்றரை மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார். குழந்தை தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார். வாசலில் இருந்த காவலரைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கை துணிக்கு வெளியே தொங்கியது. நடக்க நடக்க ஆடியது. பார்த்தேன். ஆனால் டாக்டர், நான் காவலாளி."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. எந்த மருந்தும் குறைவாக இல்லை. குளுக்கோஸ் இருந்தது, ஆர்ட்டிசுனேட் இருந்தது, நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அந்தப் பையனுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு வரிசை. அந்த வரிசையை முழுதாகப் பார்த்த ஒரே மனிதருக்கு, பார்த்ததைச் சொல்ல உரிமை இருப்பதாகத் தெரிந்திருக்கவில்லை.

இதற்கு மருந்து பிளான்டயரிலேயே இருந்தது. அங்குள்ள குயீன் எலிசபெத் மருத்துவமனையில் எலிசபெத் மாலினியூ என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் 2001-ல் வரிசையை மாற்றி அமைத்தார்கள். வந்ததும் ஒரு பார்வை, அபாயம் இருந்தால் நேராக உள்ளே. அவ்வளவுதான். வார்டில் குழந்தைகள் இறப்பது வெகுவாகக் குறைந்தது என்று 2006-ல் எழுதினார்கள். இந்த முறைக்கென்று உலக சுகாதார அமைப்பின் பயிற்சிப் புத்தகமே இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி அலமாரியிலும் ஒரு பிரதி இருந்தது. கிளினிக்கல் ஆபீசர் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர். அவர்தான் சொன்னார், "நர்ஸை வாசலில் நிறுத்த நம்மிடம் ஆள் இல்லை. வாசலில் ஏற்கெனவே நிற்பவருக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன?"

தச்சரிடம் சொல்லி ஒரு பெஞ்சு செய்தோம். சிவப்பு வண்ணம் அடித்து, வாசலுக்கு நேர் உள்ளே போட்டோம். காவலருக்கு ஐந்து விஷயம்: மூச்சுக்குத் தவிக்கிற குழந்தை, கூப்பிட்டால் கண் திறக்காத குழந்தை, வலிப்பு வந்து வெட்டுகிற குழந்தை, உள்ளங்கை வெளுத்த குழந்தை, எலும்பும் தோலுமான குழந்தை. தன் உள்ளங்கையைக் குழந்தையின் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்து நிறம் பார்க்கச் சொன்னோம். முதல் நாள் ஏழு பேரைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார், ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற தாய்மார்கள் சத்தம் போட்டார்கள். இளம் நர்ஸ் ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஐந்து முறை வீணாகக் கூப்பிட்டதற்கும் காவலருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நானும் கிளினிக்கல் ஆபீசரும் பேசி வைத்திருந்தோம், சொன்னோம். அந்த நன்றி இல்லாமல் இருந்திருந்தால் மறுநாளே மறுபடி வெறும் காவலாளியாகியிருப்பார். மூன்றாவது வாரத்தில், அவர் தூக்கி வரும் குழந்தை என்றால் நர்ஸ் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டப்பாவில் சர்க்கரை வைத்தோம். நரம்பு கிடைக்க நேரமானால், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்குக்கு அடியில் வைப்பது. புத்தகத்தில் உள்ள முறைதான். ஒருமுறை வைத்ததும், பத்து நிமிடத்தில் ஒரு பெண் குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடியதை நான் பார்த்தேன். மூடி முக்கியம், இல்லாவிட்டால் ஒரே நாளில் எறும்பு.

மொழி பற்றிக் கொஞ்சம். சிச்சேவாவில் நூறு சொற்கள் தெரிந்தால் வார்டில் பிழைத்துக்கொள்ளலாம். மலுங்கோ என்றால் காய்ச்சல், மலேரியா. மகாசி என்றால் ரத்தம். மட்சி என்றால் தண்ணீர். ஆனால் சொற்களுக்கு முன்னால் வணக்கம் வரவேண்டும். "முலி ப்வாஞ்சி?" என்று கேட்டு, பதில் வாங்கி, அவர் திருப்பி நலம் கேட்டு, அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் குழந்தையைத் தொடலாம். பத்து விநாடிதான் ஆகும். அதைத் தவிர்த்தால் தாய் வாயைத் திறக்கமாட்டார். இன்னொன்று, நம் கேள்விகளுக்கு எல்லாம் "ஏயா", ஆமாம் என்றே பதில் வரும். மருந்து கொடுத்தாயா? ஏயா. புரிந்ததா? ஏயா. டாக்டரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்ற எண்ணம்; நம் கிராமங்களிலும் "சரிங்கய்யா" என்பதன் பொருள் எனக்குத் தெரிந்ததுதான். அதனால் கேள்வியை மாற்றினேன். "வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால் உண்மை வரும். பெரும்பாலும் நாங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்தது வெளியே வரும்.

குழந்தைகளின் இடுப்பில் மருந்து முடிந்த கயிறு இருக்கும். வெளியிலிருந்து வரும் சிலர் அதைக் கத்தரித்து எறிவார்கள். எனக்கு என் தம்பியின் அரைஞாண் கயிறும் தாயத்தும் நினைவுக்கு வரும். கயிறு ஊசியைத் தடுக்கவில்லை. தொடாதீர்கள்.

பிப்ரவரியில் ஊட்டச்சத்துக் குறைவுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். புயத்தை அளக்கும் நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. மலாவியில் மெலிந்த பிள்ளைகளைவிட வீங்கிய பிள்ளைகளை அதிகம் பார்த்தேன்: பாதம் அழுத்தினால் குழி, முகம் உப்பல், தலைமுடி செம்பட்டை, தோல் உரிந்து, எதிலும் விருப்பமில்லாத முகம். குவாஷியோர்கர் என்ற பெயர் கானா நாட்டுக் கா மொழிச் சொல். 1930-களில் அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அந்தச் சொல்லை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த முதல் குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம்மிடமும் அதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: சவலை. சவலைப் பிள்ளை என்று என் பாட்டி சொன்ன அதே முகத்தை ஷிரே ஆற்றங்கரையில் பார்த்தேன். அதை அங்கிருந்த நர்ஸ்களிடம் சொன்னபோது ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்கள் ஊரிலும் இருந்ததா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் பேசிய விதமே மாறியது.

இந்தப் பிள்ளைகளுக்கு முதல் சில நாள் அவசரப்படவே கூடாது. கொஞ்சமாகப் பால்கலவை, மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். நிறையக் கொடுத்தால் உடல் தாங்காது. வீக்கம் வடிந்து பசி திரும்பிய பிறகு சிப்போண்டே. வேர்க்கடலை, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துப்பொடி கலந்த பசை. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம், சீக்கிரம் கெட்டுப்போகாது. இதை வீட்டுக்கே கொடுத்தனுப்பிப் பிள்ளைகளைத் தேற்றலாம் என்று ஆரம்பகாலத்திலேயே செய்து காட்டிய நாடுகளில் மலாவி ஒன்று. ஒரு கஷ்டம்: வீட்டில் நான்கு பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் கடலைப் பசை கொடு என்று எந்தத் தாயிடம் சொல்வது? நான் திட்டவில்லை. எடை ஏறாத பிள்ளையின் தாயிடம், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டேன். முடிந்த இடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் சத்துமாவுக்கு எழுதினோம். முடியாத இடமும் இருந்தது.

மார்ச் முதல் வாரம் விடாத மழை. இடாய் புயலாக மாறப்போகிற அதே மழை. ஆறு கரை உடைத்தது. சாலை அறுந்தது, மின்சாரம் போனது. எங்களிடம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர்கள் இரண்டு, ஜெனரேட்டருக்கு டீசல் கொஞ்சம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஆக்சிஜன் என்று எழுதி ஒட்டி, குழாயைப் பிரித்துப் பல பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இரண்டு கருவிகளில் ஒன்று போதிய ஆக்சிஜன் தரவில்லை. கெட்டுவிட்டது என்று ஓரமாக வைத்திருந்தார்கள். பின்பக்கம் திறந்தேன். தூசி வடிகட்டும் பஞ்சு, செம்மண் நிறத்தில் கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினோம். ஓடியது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பஞ்சு கழுவுவது துப்புரவு அம்மாவின் பொறுப்பு என்று, அவர் சம்மதத்தோடு, எழுதி வைத்தோம். ஆறு மாதத்தில் நான் கண்ணால் பார்த்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு அந்தப் பஞ்சுதான்.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன சர்க்கரை பார்க்கும் கருவி ஜனவரியிலேயே பயனற்றுப் போனது. அதற்கான பட்டை அந்த நாட்டில் கிடைக்கவில்லை. என்ன கொண்டுபோவது என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே உள்ள கருவிக்குப் பட்டை, பழைய பல்ஸ் ஆக்சிமீட்டருக்குப் பொருந்தும் மாற்று உணரி, கைவிளக்கு, பாட்டரி, இவைதான் பயன்பட்டிருக்கும்.

ஒரு விஷயத்தை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவில் இறந்த குழந்தையை விடியும்போது தாய் முதுகில் கட்டிக்கொண்டு போவார். உயிரோடு இருக்கும் பிள்ளையைக் கட்டுவதுபோலவே, அதே சிட்டென்ஜியில், தலைக்குத் துணி கொடுத்து. வண்டி இல்லை, ஊர் தூரம். வாசலில் சைக்கிள்காரர் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்வார். வார்டில் சத்தமே எழாது. மற்றத் தாய்மார்கள் எழுந்து நிற்பார்கள். முதல் முறை நான் மருந்தறைக்குள் போய் அழுதேன். பிறகு ஒரு மூத்த நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்: வாசல் வரை கூட நட. ஒன்றும் பேச வேண்டாம். அதிலிருந்து அந்த நேரத்தில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வாசல் வரை நடந்தேன்.

குழந்தைகளைப் படம் எடுக்கவே இல்லை. எடுக்கத் தோன்றிய சமயங்களில், என் மகள் இந்த நிலையில் இருந்தால் ஒரு அந்நியரை எடுக்க விடுவேனா என்று கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினேன். மலேரியா தடுப்பூசியை உலகத்திலேயே முதன்முதலாக வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துக் கொடுக்கும் முன்னோட்டத் திட்டம் அந்த 23-ஆம் தேதிதான் மலாவியில் தொடங்கியிருந்தது. வார்டில் அதைப் பற்றியே பேச்சு. கடைசி நாள் எல்லோரும் சேர்ந்து ந்சிமா சாப்பிட்டோம். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த எனக்குக் கையில் உருட்ட யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த கிளினிக்கல் ஆபீசரோடு இப்போதும் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். பெரும்பாலும் சந்தேகம் கேட்பது நான். சென்ற மழைக்காலத்துக்கு முன் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வாசல் காவலருக்கு வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். கடைசி இரண்டு நாளும் அவர் வீட்டுக்குப் போகாமல், புதிதாக வந்த பையனைச் சிவப்புப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாராம்.